இழுத்துப் பார்த்தாச்சா?

என் சித்தப்பாவுக்குக் கைகொடுத்தவர்கள் தோளைத் தடவிக்கொண்டேதான் திரும்புவார்கள். கையைப் பிடிப்பார், சிரிப்பார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பார், அப்புறம் சுண்டி ஒரு இழு இழுப்பார். விரோதமெல்லாம் இல்லை. ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கிற எதைப் பார்த்தாலும், அது நிஜமாகவே சேர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் அடுத்த வேலைக்குப் போக முடியாது. பஸ்ஸில் ஏறினால் கம்பியை இழுப்பார். ஓட்டலில் உட்காரும் முன் நாற்காலியின் காலை இழுப்பார். நான் வயதுக்கு வந்தபோது சபையில் எல்லோரும் அட்சதை போட்டு ஆசீர்வதித்துவிட்டுப் போக, இவர் மட்டும் என் புதுக் கம்மலைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "திருகு நிக்குது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் அழுததை யாரும் பொருட்படுத்தவில்லை. எல்லோருக்கும் பழகிவிட்டிருந்தது.

என்னைப் பெண் பார்க்க ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்தவருக்கும் அதே மரியாதைதான் நடந்தது. சித்தப்பா கொடுத்த கையைப் பிடித்த மாப்பிள்ளை, அடுத்த நொடி சோபாவை விட்டு எழுந்து, காபி டம்ளர் இருந்த ஸ்டூலைத் தாண்டி வந்து நின்றார். அவருடைய அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. சித்தப்பாவுக்கோ வாயெல்லாம் பல்.

"பையன் எந்திரிச்சி வந்துட்டாரு, ஆனா கைய விடல பாரு. இந்த எடத்தயே முடிச்சிடுங்க," என்றார்.

முடித்துவிட்டார்கள். குறட்டையைத் தவிர அந்த மனிதரிடம் இன்றுவரை எனக்குக் குறை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சித்தப்பா கடலூர் துறைமுகத்துக்காரர். மீன்பிடிப் படகுகளில் ஒயர் வேலை செய்துகொண்டிருந்தவர். படகில் ஒரு விளக்கு, ஒரு வயர்லெஸ், உள்ளே சேருகிற தண்ணீரை இறைத்து வெளியே தள்ள ஒரு சின்ன மோட்டார் என்று கொஞ்சம் சாமான் இருக்கும். அவற்றை பேட்டரியோடு சேர்க்கிற ஒயர்கள் மெல்லியவை, நூல் மாதிரி. அந்த ஒயர்களை ஒன்றோடு ஒன்று சேர்ப்பதுதான் அவர் தொழில். "பெரிய ஒயரு தன்னத் தானே பாத்துக்கும். சின்ன ஒயருதான் ஆளக் கொல்லும்," என்பார். கடலில் எல்லாம் ஆடும், எல்லாம் நனையும், எல்லாவற்றையும் உப்பு தின்னும். மூட்டு ஒன்று விட்டால் மோட்டார் நிற்கும், மோட்டார் நின்றால் படகு நிறையும். இதை அவர் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிச் சாப்பிட விடாமல் அடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. தையல்காரி. தாத்தா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் இந்தச் சம்பந்தம் வந்தது. "அப்பாவ விட்டுட்டு வர மாட்டேன்" என்று அவள் சொன்னாள். "அப்ப நான் வரேன்" என்று இவர் பையைத் தூக்கிக்கொண்டு விருத்தாசலத்துக்கு வந்துவிட்டார். பொண்டாட்டிக்காகக் கடலையே விட்டுவிட்டு வந்த ஆம்பளை என்று எங்கள் தெருப் பெண்கள் கொஞ்ச நாள் புகழ்ந்தார்கள். அவர் கடலை விடவில்லை, கையோடு கொண்டுவந்துவிட்டார் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

மணிமுத்தாற்றில் மணல் மட்டுமே ஓடும் ஊரில், சித்தியின் வீட்டை அவர் படகு மாதிரி ஒயரிங் பண்ணினார். சுவிட்சுப் பெட்டியெல்லாம் தலைக்கு மேலே, தண்ணீர் ஏறினாலும் எட்டாத உயரத்தில். ஃபேனைப் போட வேண்டுமென்றால் சித்தி முக்காலியில் ஏற வேண்டும். ஒயர்களை இறுக்கமாக ஓட்டாமல் அங்கங்கே தொய்வு விட்டிருந்தார்.

"எதுக்குங்க தொங்குது?" என்று சித்தி கேட்டாளாம்.

"ஆடும்போது எடம் வேணுமில்ல?"

"இது வூடுங்க. வூடு எப்படிங்க ஆடும்?"

சித்தப்பா ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர்கள் வீடு ஜங்ஷனை ஒட்டி இருந்தது. கொஞ்ச நேரத்தில் நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று போனது. சொம்புத் தண்ணீரில் அலை எழும்பியது. சித்தப்பா விரலை நீட்டிக் காட்டினார். சித்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவர் ஒரு மூட்டுப் போடுவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தது எங்கள் வீட்டு மிக்சி ஒயர் அறுந்தபோது. அம்மா தேங்காயும் பொட்டுக்கடலையும் ஜாரில் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். வேறு யாராக இருந்தாலும் இரண்டு ஒயரையும் முறுக்கி டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள். சித்தப்பாவிடம் அதைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் ஒயரின் தோலை உரிப்பதே ஒரு சடங்கு. உள்ளே இருக்கிற தலைமயிர் மாதிரியான செப்பு இழைகளில் ஒன்று வெட்டுப்பட்டாலும் அந்த நுனியையே அறுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு சின்னச் செப்புக் குழலின் இரண்டு பக்கமும் இரண்டு நுனியையும் செருகி, அதற்கென்றே வைத்திருந்த குறட்டால் நெரிப்பார். ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"ஈயம் வெச்சா வெறச்சிக்கும் பாப்பா. ஆட்டத்துல ஈயம் முடியற எடத்துல ஒடிஞ்சி போவும்."

"மிக்சி எங்க ஆடப் போவுது சித்தப்பா?"

"மிக்சி ஆடாதா?" என்று திருப்பிக் கேட்டார்.

பிறகு குழலின் மேல் கறுப்பு ரப்பர் உறை ஒன்றை நகர்த்தி, நெருப்பில் காட்டினார். உறை சுருங்கி ஒயரைக் கவ்விக்கொண்டது. இரண்டு ஓரத்திலும் பசை துளிர்த்து வெளியே வந்தது. "பச எட்டிப் பாக்கணும். அப்பதான் தண்ணி எட்டிப் பாக்காது." ஒரு ஒயர் முடிந்ததும் அடுத்த ஒயரின் மூட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வராதபடி. எல்லாம் முடிந்ததும் அம்மா ஜாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க அண்ணி. ஆறட்டும். சூட்டோட இழுக்கக் கூடாது."

"இழுக்க வேணாமே, அரைச்சிக்கிறேனே!"

"இழுத்துப் பாக்காம எப்படி அரைப்பீங்க?"

அன்றைக்கு ஓட்டலில் சட்னி வாங்கி வந்துதான் இட்லி சாப்பிட்டோம். அந்த மிக்சியின் மோட்டார் அப்புறம் புகைந்து போய்விட்டது, பிளேடு மழுங்கிவிட்டது, ஜார் உடைந்துவிட்டது. ஒயர் மட்டும் அப்படியே இருக்கிறது. தூக்கி எறிய மனமில்லாமல் அம்மா அதைப் பரணில் போட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவியோ எதையுமே இழுத்துப் பார்க்காதவள். சித்தி ஊக்கு தைத்தால் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த ரவிக்கையை எடுத்துவிடுவாள். கல்யாணமான புதிதில் ஒருநாள், கொடுக்க வேண்டிய ரவிக்கைகளையெல்லாம் சித்தப்பா கட்டிலில் பரப்பிவைத்து, ஊர்ப் பெண்களின் ஊக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார். வாங்கிப் போக வந்த ஒரு பெண் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டாள். அந்தத் தெருவில் கொஞ்ச காலம் யாரும் சித்தியிடம் துணி கொடுக்கவில்லை. சித்திக்கு வந்த கோபம் சாமானியக் கோபமில்லை.

"நான் தைச்சத எதுக்கு இழுத்தீங்க?"

"நிக்குதான்னு பாத்தேன். நல்லாத்தான் நிக்குது."

"நம்பாதவங்கதான் இழுத்துப் பாப்பாங்க. நான் உங்க வேலைய என்னிக்காவது இழுத்துப் பாத்தனா?"

"நீ பாரேன்! நான் வேணாம்னா சொல்றேன்? ஒருதரம் இழுத்துப் பாரேன்!"

அவர் கண்ணில் அப்போது ஒரு ஆசை தெரிந்ததாகச் சித்தி பிற்பாடு என்னிடம் சொன்னாள். அவளுக்கு இன்னும் எரிச்சலாகிவிட்டது. மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து அது ஒரு வீம்பாகவே போயிற்று. வீட்டில் எந்த மூட்டுப் போட்டாலும் அவர் அவளைக் கூப்பிடுவார். அவள் தலையைக்கூடத் திருப்ப மாட்டாள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆட்டமும் இல்லாத, அலையும் இல்லாத ஊரில் அவர் போட்ட மூட்டுகளுக்கு ஒரு சோதனையும் வராது. எவ்வளவு நல்ல மூட்டு என்று சொல்ல ஒருவரும் இல்லை. சொல்ல வேண்டிய ஒருத்தியோ இழுக்க மாட்டேன் என்கிறாள்.

மாசி மகத் தேரன்று மட்டும் அவர் முகம் தனியாக இருக்கும். ஊரே கூடி வடத்தைப் பிடித்து இழுப்பதைப் பார்த்து, "இப்பதான் புத்தி வந்துருக்குது" என்று பூரித்துப் போவார்.

அப்புறம்தான் எங்கள் ஊருக்குப் படகு வந்தது.

நான் எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், ஒரு பொம்மை யூனிட்டில் கண் எழுதும் வேலையில் இருக்கிறேன். பிள்ளையார், மயில், யானை, தலையாட்டும் தாத்தா எல்லாவற்றுக்கும் கண் என் கையால்தான். ஒரு ஐப்பசியில் மழை பிய்த்து உதறியதில் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. சூளைக்குப் போகாமல் காய்ந்துகொண்டிருந்த பொம்மைகள் அத்தனையும் கரைந்து களிமண்ணாகிவிட்டன. சுடாத பொம்மை கரைவதைப் பார்க்க மனசு தாங்காது. முதலில் மூக்கு போகும், அப்புறம் காது, கடைசியில் எது பிள்ளையார் எது யானை என்றே தெரியாது. எங்கள் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த மழைக்குப் பொம்மைகளை ஏற்றிக் காப்பாற்றுவதற்கென்று கடலூரில் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி, டிரெய்லரில் வைத்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஒயர் வேலைக்குச் சித்தப்பாவைக் கூட்டிவந்தது நான்தான். படகைப் பார்த்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். அப்புறம் சுற்றி வந்து, பிடித்து இழுக்க முடிந்ததையெல்லாம் இழுத்துப் பார்த்தார்.

முதலாளி பக்கத்து யூனிட்டிலிருந்து ஒரு பை நிறையப் பீங்கான் கனெக்டர் வாங்கி வைத்திருந்தார். வெள்ளையாக, உள்ளே திருகு வைத்த சின்னக் கட்டை. எங்கள் ஊரில் செய்வது, ஊர் ஊராகப் போவது.

"நம்மூரு பொருளு இருக்கறப்ப எதுக்குய்யா செப்புக் குழலு? ஒயர உள்ள வுட்டுத் திருகிடு."

"சொவுத்துக்கு நல்ல சாமான் மொதலாளி. ஆட்டத்துல திருகு தளந்துடும்."

"எங்கய்யா ஆடுது? டயரு மேல நிக்குது."

"இன்னிக்கி நிக்குது," என்றார் சித்தப்பா.

அந்த வேலையை அவர் செய்த நாட்களில் அவரைப் போல் சந்தோஷமான மனிதரை நான் பார்த்ததில்லை. படகுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு, தண்ணீர் இறைக்கிற மோட்டாரையும் பேட்டரியையும் சேர்த்தார். தண்ணீர் ஏறினால் மிதப்பு ஒன்று தானாக எழும்பி மோட்டாரைப் போட்டுவிடும். கையால் போட்டு அணைக்கிற சுவிட்சு வைக்கவில்லை. "மனுசன் தூங்கிடுவான். மெதப்பு தூங்காது," என்றார். பேட்டரி இறங்காமலிருக்க ஒரு சின்ன சோலார் தகடும் மாட்டினார். மதியம் சித்தி சோற்றுக் கூடையோடு ஏணியில் ஏறி வருவாள். அவர் ஒயரை விரல் நுனியில் தூக்கிக் காட்டுவார்.

"இத மட்டும் ஒருதரம்..."

"சாப்புடுங்க. கொழம்பு ஆறுது."

பூஜைக்கு நல்ல நாள் பார்த்தார்கள். படகுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. டிரெய்லர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். எஸ்டேட் முதலாளிகள் எல்லோரும் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார்கள். தேங்காய் உடைத்தாயிற்று. அப்புறம்தான் படகு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று எங்கள் முதலாளி சொன்னார். ஆற்றில் தண்ணீர் இல்லை. ஆனால் எஸ்டேட்டுக்காரர்களுக்கு ஒழுகல் பார்ப்பது கைவந்த கலை. குடமோ, ஜாடியோ, ஊறுகாய்ப் பரணியோ, உள்ளே தண்ணீரை ஊற்றி வைத்தால் ஓட்டை இருந்தால் தெரிந்துவிடும். ஆகவே ஒரு லாரித் தண்ணீரை வரவழைத்து, குழாயைப் படகுக்குள் விட்டார்கள்.

"மொதலாளி, படகுல தண்ணி வெளிய இருக்கணும்," என்று சித்தப்பா சொல்லிப் பார்த்தார்.

"எங்க இருந்தா என்னய்யா? ஓட்டை ஒண்ணுதான?"

தண்ணீர் கணுக்கால் அளவு ஏறியது. உள்ளே மிதப்பு எழும்பியது. மோட்டார் "ர்ர்" என்றது. படகின் விலாவில் இருந்த துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து, முன்வரிசையில் கைகூப்பி நின்றிருந்த மூத்த முதலாளியின் நெஞ்சில் அடித்தது. அவர் நகர்ந்தார். லாரிக்காரர் குழாயை இன்னும் திறந்துவிட்டார். மோட்டாரும் சளைக்கவில்லை. லாரி காலியாயிற்று. தெரு முழுக்கத் தண்ணீர். பந்தல் காலெல்லாம் சேறு. படகுக்குள் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தார். "ஓட்டைப் படகுய்யா! ஏமாத்திட்டானுவ!" என்று கத்தினார்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அழுகையும்தான். சித்தப்பா மோட்டாரைக் காட்டினார், துளையைக் காட்டினார், மிதப்பைத் தூக்கிக் காட்டினார். படகை விற்ற கடலூர்க்காரருக்குப் போன் போட்டார்கள். "ஊத்துன தண்ணிய வெளிய தள்ளுனா அதுதான் சார் நல்ல படகு," என்றார் அவர். விற்றவன் பேச்சை யார் நம்புவார்கள்?

"சரிய்யா, மோட்டாருதான் தள்ளுதுன்னா ஒயர அறுத்துடு. அப்புறம் ஊத்திப் பாப்போம்," என்றார் முதலாளி.

நியாயமான பேச்சுதான். ஆனால் சித்தப்பா பேட்டரிப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நான் போட்ட மூட்ட நானே அறுக்கறதா? முடியாது."

"அறுக்க வேணாம். புடுங்குங்கடா!"

லாரிக்காரரும் சூளைக்காரரும் உள்ளே இறங்கி ஒயரைப் பிடித்து இழுத்தார்கள். மூட்டு அசையவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தார்கள். மோட்டாரைத் தாங்கியிருந்த பலகை பெயர்ந்து வந்தது, சூளைக்காரர் மல்லாக்க விழுந்தார், மூட்டு அப்படியே இருந்தது. சித்தப்பா பெட்டியின் மேலிருந்தபடி இரண்டு கையையும் தட்டினார். படகு போனால் போகிறது, ஊரறிய சோதனை நடந்துவிட்டது. கூட்டத்தில் அவர் கண் சித்தியைத் தேடியது.

"இந்தாம்மா! நீ வா! எல்லாரும் இழுத்துட்டாங்க. நீ வந்து ஒரே ஒருதரம் இழுத்துப் பாத்துச் சொல்லு!"

ஊரே திரும்பி அவளைப் பார்த்தது. சித்தி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வூட்டுக்கு வாங்க. தலையெல்லாம் நனைஞ்சி கெடக்குது," என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். கைதட்டிக்கொண்டிருந்த மனிதர் மெல்ல இறங்கினார். அவர் அவள் பின்னால் சேற்றில் போன போக்கு என் கண்ணிலேயே நிற்கிறது.

படகை யூனிட்டுக்குப் பின்னால் ஒரு மரத்தில் கட்டிப் போட்டோம். ஒயரோடு பெயர்ந்த பலகையைச் சித்தப்பா வந்து சரிசெய்துவிட்டுப் போனார். நாளடைவில் கண் கோணியது, தும்பிக்கை உடைந்தது, மயிலுக்குக் கால் இல்லாதது என்று கழித்துக்கட்டிய பொம்மைகளையெல்லாம் அதில் கொட்டினார்கள். மழை பெய்தால் அந்தப் பொம்மைகளுக்கு நடுவிலிருந்து மோட்டார் தண்ணீரைத் துப்பும். "ஓட்டைப் படகு ஒழுகுது" என்பார்கள்.

பிறகு ஒரு கார்த்திகையில் மறுபடி தண்ணீர் வந்தது. நாங்கள் தட்டுத் தட்டாகப் பொம்மைகளை மேலே ஏற்றினோம், தண்ணீர் அதற்கும் மேலே ஏறியது. படகு இருக்கிறதே என்று நான் சொன்னேன். ஓட்டைப் படகில் ஏற்றி முழுகடிக்கவா என்று முதலாளி என்மேல் எரிந்து விழுந்தார். விடிந்து பார்த்தால் எங்கள் நல்ல பொம்மைகள் எல்லாம் கரைந்து கிடந்தன. மரத்தடியில் படகு ஜம்மென்று மிதந்துகொண்டிருந்தது. உள்ளே கோணக்கண் பிள்ளையார்களும் நொண்டி மயில்களும் அலுங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, சிரிப்பதா அழுவதா தெரியாமல் நின்றார்.

முழங்கால் தண்ணீரில் சித்தப்பா வந்தார். பார்த்தார். திரும்பி வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். சித்தி மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"மெதக்குது! வந்து பாரு! ராவெல்லாம் மோட்டாரு ஓடியிருக்குது, மூட்டு விடல!"

"மெதக்கும்னு எனக்குத் தெரியும்," என்றாள் சித்தி, ஊசியில் நூல் கோத்தபடி.

"எப்படித் தெரியும்? நீதான் இழுத்தே பாக்கலியே!"

"நீங்க போட்டது. அப்புறம் எதுக்கு இழுக்கணும்?"

இதைவிடப் பெரிய வார்த்தையை ஒரு பெண்டாட்டி சொல்ல முடியுமா? அந்த மனிதருக்கோ அது போதவில்லை. ஈர லுங்கியோடு கட்டிலில் உட்கார்ந்து, "ஒருதரம் இழுத்தா கொறஞ்சா போயிடுவ?" என்று குழந்தை மாதிரிக் கேட்டார். சித்தி மிஷினை மிதித்தாள்.

போன வருஷம் கம்மாபுரம் போகிற பஸ்ஸில் அவர் போய்ச் சேர்ந்தார். நெஞ்சு வலி. ஏறியதும் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாராம், கண்டக்டர் சொன்னார். அவர்களுடைய ஒரே மகன் வடக்கே வேலையில் இருந்தான், வந்து சேர மறுநாள் ஆகும். அதனால் ஃப்ரீசர் பெட்டி வைக்க வேண்டியதாயிற்று.

பெட்டிக்காரர்கள் வந்து கூடத்தில் இறக்கி, அவரை உள்ளே படுக்கவைத்தார்கள். பிளக்கைச் செருகப் போனால் ஒயர் எட்டவில்லை. அந்த வீட்டில்தான் எல்லாம் தலைக்கு மேலே ஆயிற்றே! பெட்டிக்காரப் பையன் வேறொரு ஒயரைத் துண்டாக எடுத்து, முறுக்கி, டேப்பைச் சுற்றி, சுவிட்சில் செருகிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான். மூட்டு நடுவில் தொங்கிக்கொண்டு ஆடியது. தலைமாட்டில் விளக்கு எரிந்தது. சித்தி பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியான வெயிலில் ஜங்ஷன் பக்கம் கூட்ஸ் வண்டி போனது. வீடு அதிர்ந்தது. பெட்டியின் இரைச்சல் நின்றது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. கண்ணாடியில் வேர்க்க ஆரம்பித்ததும்தான் அலறினார்கள். "எலெக்ட்ரீசியனக் கூப்புடுங்க" என்று ஒருவர் கத்தினார். உடனே எல்லோருடைய கண்ணும் பெட்டிக்குள் படுத்திருந்தவரிடம் போய், வெட்கப்பட்டுத் திரும்பின.

சித்தி எழுந்தாள். தொங்கிய மூட்டைப் பார்த்தாள். "பிளக்கப் புடுங்கு," என்று என்னிடம் சொன்னாள். நான் முக்காலியில் ஏறிப் பிடுங்கினேன். மூட்டின் இரண்டு பக்கமும் பிடித்து அவள் லேசாக இழுத்தாள். டேப்போடு கையில் வந்துவிட்டது.

"இதுலயா இவர வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். என் பக்கம் திரும்பினாள். "அவரு பைய எடும்மா."

நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். ஒயரின் தோலை உரித்தாள். ஒரு இழை வெட்டுப்பட்டது. அந்த நுனியை அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி உரித்தாள். குழலில் செருகி, குறட்டால் நெரித்தாள். மூன்று ஒயருக்கும் மூன்று மூட்டு, ஒன்றைவிட ஒன்று தள்ளி. இத்தனை வருஷம் தலையைக்கூடத் திருப்பாதவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உறையைச் சுருக்க நெருப்பு வேண்டியிருந்தது. தலைமாட்டு விளக்கில் ஒயரைக் காட்டினாள்.

"ஐயோ, அந்த வெளக்குலயா!" என்று என் அம்மா பதறினாள்.

"அவரு வெளக்குதான் அக்கா," என்றாள் சித்தி. உறை சுருங்கியது. பசை எட்டிப் பார்த்தது.

பெட்டிக்காரப் பையன் ஒயரை வாங்கக் கை நீட்டினான். சித்தி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இரு. ஆறட்டும்."

சாவுக்கு வந்த கூட்டம் மொத்தமும் ஒரு ஒயர் ஆறுவதற்காகக் காத்து நின்றது. வாசலில் பறையடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். சித்தி மூட்டைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்தாள். ஒயரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காலை ஊன்றி, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். பெட்டியே அவரோடு சேர்ந்து கொஞ்சம் நகர்ந்து வந்தது.

நான் பிளக்கைச் செருகினேன். பெட்டி இரையத் தொடங்கியது. சித்தி கண்ணாடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக் குனிந்தாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"இழுத்துப் பாத்துட்டேங்க," என்றாள். "விடல."